எண் கேட்டால் எழுத்து வருகிறது: முனைய நிரல்களில் எண் உள்ளீடு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முனையத்தில் (கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரையில்) ஓடும் சிறு நிரல்களை எழுதிப் பழகுவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். மொழி பைத்தானோ, சியோ, ஜாவாவோ, சிக்கல் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கிளம்புகிறது: பயனரிடம் ஓர் எண்ணைக் கேட்டு வாங்கும் அந்த ஒற்றை வரியில். ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். உங்கள் மொழியின் கையேட்டில் அவற்றை எளிதாக அடையாளம் காணலாம். எளிய கேள்விகள் முதலில், வில்லங்கமானவை பின்னால்.

1. விசைப்பலகையில் எண்ணைத்தான் தட்டினேன். நிரல் ஏன் அதை எழுத்துச் சரம் என்கிறது?

விசைப்பலகைக்கு எண் என்று ஒன்று தெரியாது. 4, 2 என்று இரண்டு விசைகளைத் தட்டினால் இரண்டு குறிகள் போய்ச் சேருகின்றன. இப்படி வரிசையாக வரும் குறிகளின் தொகுதிதான் சரம். குறிகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் அவற்றின் மதிப்புகள் 52, 50. நாற்பத்திரண்டு என்ற மதிப்பு அவற்றில் எங்கும் இல்லை. அந்தக் குறிகளைப் படித்து, இடமதிப்பைக் கணக்கிட்டு, எண்ணாக மாற்றுவது நிரலின் பொறுப்பு.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமான அமைப்பில் முனையம் நீங்கள் தட்டுவதை ஒவ்வொரு குறியாக நிரலுக்கு அனுப்புவதில்லை. என்டர் அழுத்தும் வரை வரியைத் தானே வைத்துக்கொள்கிறது. அதனால்தான் தவறாகத் தட்டியதை அழித்துத் திருத்த முடிகிறது. அந்தத் திருத்தங்கள் எதுவும் நிரலுக்குத் தெரியாது. நிரலின் கைக்கு வருவது ஒரு முழு வரி, அதன் கடைசியில் ஒரு வரிமுடிவுக் குறி. இந்த வரிமுடிவுக் குறியை நினைவில் வையுங்கள். கீழே பல கேள்விகளில் வம்பு செய்யப்போவது அதுதான்.

2. பைத்தானில் 5, 7 இரண்டையும் வாங்கிக் கூட்டினால் 57 வருகிறது. கூட்டல்கூடத் தெரியாதா?

இன்புட் என்ற ஃபங்ஷன் திருப்பித் தருவது சரத்தை. இரண்டு சரங்களைக் கூட்டினால் அவை ஒட்டிக்கொள்ளும். வாங்கியதை இன்ட் (முழு எண்) அல்லது ஃப்ளோட் (தசம எண்) கொண்டு மாற்றிவிட்டுக் கூட்டுங்கள்.

பழைய பாடங்களில் மாற்றாமலே கூட்டியிருப்பதைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் உண்டு. அவை பைத்தான் 2 காலத்தவை. அந்தப் பதிப்பின் இன்புட், பயனர் தட்டியதைப் பைத்தான் நிரல் வரியாகவே மதிப்பிட்டு விடையைத் தந்தது. வசதிதான், ஆனால் ஆபத்து; ஏன் என்பதைக் கடைசிக் கேள்வியில் பாருங்கள். 2020 தொடக்கத்தோடு பைத்தான் 2-க்கான ஆதரவே முடிந்துவிட்டது. அந்தப் பாடங்களை ஒதுக்கிவிடுங்கள்.

3. எண்ணை வாங்குவதற்குச் சரியான முறை என்று ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. முழு வரியையும் சரமாக வாங்குங்கள். பிறகு அந்தச் சரத்தை எண்ணாக மாற்றிப் பாருங்கள். மாறிய பிறகு, அந்த எண் உங்கள் வேலைக்குப் பொருந்துகிறதா என்று சோதியுங்கள். இந்த மூன்று வேலைகளையும் தனித்தனியே செய்ய வேண்டும். இந்தப் பக்கத்தில் உள்ள குழப்பங்களில் பெரும்பாலானவை இவற்றில் இரண்டை ஒரே அடியில் முடிக்கப் பார்ப்பதால் வருகின்றன. எண்ணை "நேரடியாகப் படிக்கும்" ஃபங்ஷன்கள் எல்லா மொழிகளிலும் கவர்ச்சியாகத்தான் இருக்கும். பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்துக்கு அவை சரி. மனிதர் எதிரே உட்கார்ந்து தட்டும் நிரலுக்கு ஆகாது.

தனித்தனியே செய்வதில் ஒரு பெரிய ஆதாயம் உண்டு. வரியை முழுதாக வாங்கிவிட்டால், மாற்றம் தோற்றாலும் அந்த வரி உள்ளீட்டுப் பாதையைவிட்டு வெளியே வந்துவிட்டது. அடுத்த கேள்வி சுத்தமான இடத்திலிருந்து தொடங்கும். மேலும், எந்தப் படியில் பிழை என்று உங்களுக்குத் தெரிவதால் பயனருக்கும் அதைச் சொல்ல முடியும். "இது எண்ணே இல்லை" என்பதும் "எண்தான், ஆனால் 100-க்கு மேல் போகக்கூடாது" என்பதும் வேறு வேறு செய்திகள்.

இந்த மூன்றையும் ஒரே ஃபங்ஷனில் எழுதி, எண் தேவைப்படும் எல்லா இடங்களிலும் அதையே அழையுங்கள். கேட்கும் வாசகம், கீழ் வரம்பு, மேல் வரம்பு ஆகிய மூன்றையும் அதற்குக் கொடுத்தால் போதும்.

4. யாராவது "பத்து" என்று எழுத்தில் தட்டினால் நிரலே நின்றுபோகிறது. மறுபடி கேட்கவைப்பது எப்படி?

மாற்றம் தோற்கும்போது பைத்தான் வேல்யூஎரர் என்ற விதிவிலக்கை (நிரலின் ஓட்டத்தை நிறுத்தும் பிழை அறிவிப்பை) எழுப்புகிறது, ஜாவாவில் நம்பர்ஃபார்மேட்எக்செப்ஷன். யாரும் பிடிக்காவிட்டால் நிரல் அதோடு முடிந்துவிடும். முடிவற்ற லூப் ஒன்றைப் போட்டு, உள்ளே வரியை வாங்கி மாற்றிப் பாருங்கள். விதிவிலக்கு வந்தால் ஒரு செய்தியைக் காட்டிவிட்டு லூப்பின் தலைக்குத் திரும்புங்கள். வரம்புச் சோதனையும் வென்றால் மட்டும் மதிப்போடு வெளியேறுங்கள்.

ஃபங்ஷன் தன்னையே மறுபடி அழைத்துக்கொள்ளும்படி எழுதுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அங்கே திரும்ப அழைத்ததன் விடையை மேலே அனுப்ப மறந்துவிடுகிறார்கள். முதல் முறை தப்பாகவும் இரண்டாம் முறை சரியாகவும் தட்டிய பயனருக்கு வெற்று மதிப்புதான் கிடைக்கும். லூப்பே போதும்.

5. சி மொழியில் ஸ்கேன்எஃப் கொண்டு எண் கேட்டேன். ஓர் எழுத்தைத் தட்டியதும் நிரல் வெறிபிடித்ததுபோல் ஒரே வரியை அச்சிட்டுக்கொண்டே போகிறது. ஏன்?

ஸ்கேன்எஃப் எண்ணை எதிர்பார்த்து உள்ளீட்டைப் பார்க்கிறது. முதல் குறியே எழுத்தாக இருந்தால் அதைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டுத் திரும்புகிறது. லூப் மறுபடி அதை அழைக்கிறது. அங்கே அதே எழுத்து இன்னும் உட்கார்ந்திருக்கிறது. புதிதாக எதையும் தட்டச்சொல்லி அது காத்திருக்கவே இல்லை; பழையதே தீரவில்லையே.

ஸ்கேன்எஃப் ஒரு விடையைத் திருப்பித் தருகிறது: எத்தனை மதிப்புகளை வெற்றிகரமாக மாற்றியது என்ற எண்ணிக்கை. பலர் அதைப் பார்ப்பதே இல்லை. பார்த்தாலும் பாதி வேலைதான் முடியும், ஏனென்றால் 3.7 என்று தட்டினால் முழு எண் கேட்ட ஸ்கேன்எஃப் 3-ஐ எடுத்துக்கொண்டு வெற்றி என்று சொல்லும். மிச்சமிருக்கும் ".7" அடுத்த கேள்வியில் போய் முட்டும். பயனர் இரண்டாவது கேள்வியைப் படிப்பதற்குள் அது தோற்றிருக்கும்.

தீர்வு மூன்றாம் பதிலில் சொன்னதுதான். எஃப்கெட்ஸ் கொண்டு வரியை வாங்கி, ஸ்ட்ர்டோல் கொண்டு மாற்றுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் கொடுத்த இடத்தைவிட வரி நீளமாக இருந்தால் எஃப்கெட்ஸ் மீதியை உள்ளேயே விட்டுவைக்கும். வாங்கிய சரத்தில் வரிமுடிவுக் குறி இல்லையென்றால், அது வரும்வரை படித்துத் தள்ளிவிட வேண்டும்.

சி++ மொழியின் சிஇன் விஷயத்திலும் இதே கதை. அங்கே கூடுதலாக ஒரு தோல்விக் கொடி ஏறிக்கொள்கிறது. கிளியர் கொண்டு அதை இறக்காத வரை அடுத்த எந்தப் படிப்பும் நடக்காது. இறக்கினால் மட்டும் போதாது, இக்னோர் கொண்டு அந்த வரியின் மீதியையும் தள்ள வேண்டும். கெட்லைனில் வரியாக வாங்கினால் இந்த இரண்டு வேலையும் மிச்சம்.

6. நண்பர் எஃப்ஃப்ளஷ்ஷுக்கு எஸ்டிடிஇன்னைக் கொடு, எல்லாம் சரியாகும் என்றார். சரிதானா?

இல்லை. எஃப்ஃப்ளஷ் வெளியீட்டுக்கானது; எஸ்டிடிஇன் என்பதோ உள்ளீடு. இப்படி உள்ளீட்டின்மேல் ஏவினால் என்ன ஆகும் என்பதைச் சி மொழித் தரநிலை வரையறுக்கவில்லை. ஒரு கம்பைலரில் வேலை செய்ததுபோலத் தோன்றும், இன்னொன்றில் எதுவும் நடக்காது.

7. ஜாவாவில் வயதைக் கேட்டுவிட்டுப் பெயரைக் கேட்டால், பெயரைத் தட்ட விடாமலே தாண்டிப்போகிறது.

வயதுக்கு நெக்ஸ்ட்இன்ட், பெயருக்கு நெக்ஸ்ட்லைன் பயன்படுத்தியிருப்பீர்கள். நெக்ஸ்ட்இன்ட் 25-ஐ எடுத்துக்கொண்டு, முதல் பதிலில் சொன்ன வரிமுடிவுக் குறியை அப்படியே விட்டுவிடுகிறது. நெக்ஸ்ட்லைன் "வரியின் மீதியை" கேட்கிறது. மீதி என்பது வெறுமை. கேட்டது கிடைத்துவிட்டதால் அது காத்திருக்கவில்லை.

இடையில் ஒரு வெட்டி நெக்ஸ்ட்லைனைச் செருகுவது பரவலான ஒட்டுவேலை. எங்கே செருகினோம், எங்கே மறந்தோம் என்று யார் கணக்கு வைத்திருப்பது? எப்போதும் நெக்ஸ்ட்லைன் கொண்டே வாங்கி, எண் வேண்டிய இடத்தில் இன்டிஜர் வகுப்பின் பார்ஸ்இன்ட் கொண்டு மாற்றுங்கள். நெக்ஸ்ட்இன்ட்டும் தோற்ற சொல்லை உள்ளேயே விட்டுவைப்பதால், ஐந்தாம் கேள்வியின் முடிவற்ற ஓட்டம் ஜாவாவிலும் நேரும்.

8. சியில் ஏடுஐ என்று ஒன்று இருக்கிறதே, ஒரே வரியில் வேலை முடிகிறது. அது போதாதா?

பயனர் "0" என்று தட்டினாலும் ஏடுஐ பூஜ்ஜியம் தரும். "வணக்கம்" என்று தட்டினாலும் பூஜ்ஜியம்தான் தரும். எது எது என்று பிரித்தறிய வழியே இல்லை. எண் வரம்பை மீறினால் என்ன நடக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

ஸ்ட்ர்டோல், மாற்றம் எந்தக் குறியில் நின்றது என்பதை ஒரு சுட்டியில் தெரிவிக்கிறது. அது சரத்தின் தொடக்கத்திலேயே நின்றால் எண் எதுவும் இல்லை. நடுவில் நின்றால் பின்னால் குப்பை இருக்கிறது. வரிமுடிவுக் குறியிலோ சரத்தின் முடிவிலோ நின்றால் சுத்தம். வரம்பு மீறலுக்கு எர்னோ என்ற மாறியைப் பார்க்க வேண்டும். அழைப்பதற்கு முன் அதைப் பூஜ்ஜியமாக்க மறக்காதீர்கள், பழைய பிழை அதிலேயே தங்கியிருக்கலாம்.

9. மாற்றுவதற்கு முன் இஸ்டிஜிட் கொண்டு எல்லாம் இலக்கம்தானா என்று பார்த்துவிட்டால் விதிவிலக்கே தேவையில்லை அல்லவா?

பார்க்கத் தெளிவாக இருக்கிறது. ஆனால் −5 தோற்றுவிடும், கழித்தல் குறி இலக்கம் இல்லை. 3.5 தோற்றுவிடும். முன்னும் பின்னும் இடைவெளியோடு தட்டிய 12 தோற்றுவிடும். அதை இன்ட் தாராளமாக ஏற்றுக்கொண்டிருக்கும். மறுபக்கம், மேலெழுத்தாக உள்ள ² என்ற குறியைப் பைத்தானின் இஸ்டிஜிட் இலக்கம் என்று ஒப்புக்கொள்ளும், இன்ட்டோ அதை மறுக்கும். ஆக நல்லதை விரட்டி, கெட்டதை உள்ளே விடுகிற காவல் இது.

எண்ணாக மாறுமா என்பதை அறிய மாற்றிப் பார்ப்பதுதான் நேர்வழி. மாற்றும் ஃபங்ஷனுக்கே அதன் விதிகள் தெரியும். அவற்றை நாம் தனியே இன்னொரு முறை எழுதினால் இரண்டும் எங்காவது முரண்படும்.

10. ஜாவாஸ்கிரிப்டில் "12 கிலோ" என்று கொடுத்தாலும் 12 என்று ஏற்றுக்கொள்கிறது. நல்ல வசதிதானே?

பார்ஸ்இன்ட்டின் குணம் அது. எண் எங்கே நிற்கிறதோ அதுவரை எடுத்துக்கொண்டு மீதியைப் பேசாமல் விட்டுவிடும். "1,234" என்று கொடுத்துப் பாருங்கள், 1 வரும். ஆயிரத்துச் சொச்சம் ஒன்றாகச் சுருங்கியதற்கு ஒரு முணுமுணுப்புகூட எழாது. இதை வசதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம்பர் என்ற ஃபங்ஷன் கண்டிப்பானது, குப்பை இருந்தால் "நான்" (NaN, எண் அல்ல என்பதைக் குறிக்கும் மதிப்பு) தரும். அதிலும் ஓர் ஓட்டை உண்டு: வெற்றுச் சரத்தையும், இடைவெளி மட்டுமே உள்ள சரத்தையும் அது பூஜ்ஜியம் ஆக்கிவிடும். எனவே ஓரங்களை வெட்டியபின் சரம் காலியா என்று முதலில் பாருங்கள், பிறகு நம்பர்.

11. ஒன்றும் தட்டாமல் என்டர் மட்டும் அழுத்தினால்?

அது உங்கள் முடிவு. இயல்பு மதிப்பு ஒன்று இருக்கிறதென்றால் அதைக் கேள்வியிலேயே அடைப்புக்குறிக்குள் காட்டுங்கள்: "எத்தனை பிரதிகள்? [1]". வெற்று என்டர் அதை ஏற்பதாகும். இயல்பு மதிப்பு இல்லையென்றால் மறுபடி கேளுங்கள். எக்காரணம் கொண்டும் வெறுமையைப் பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; சொல்லாததும் பூஜ்ஜியம் என்று சொன்னதும் ஒன்றல்ல.

12. 08 என்று தட்டினால் பாஷ் பிழை காட்டுகிறது, 07 என்றால் காட்டுவதில்லை. இது என்ன விளையாட்டு?

லினக்ஸ் முனையத்தின் கட்டளை மொழியான பாஷின் கணக்கீட்டில் பூஜ்ஜியத்தில் தொடங்கும் எண் எட்டின் அடிமானத்தில் படிக்கப்படுகிறது. அங்கே 8 என்ற இலக்கமே இல்லை. 07 தப்பிப்பது தற்செயல். பிழை காட்டுவதாவது பரவாயில்லை, 010 என்று தட்டினால் சத்தமில்லாமல் 8 ஆகிவிடும். எண்ணுக்கு முன்னால் 10# என்று சேர்த்தால் பத்தின் அடிமானம் என்பது உறுதியாகும். சியில் ஸ்ட்ர்டோலுக்கு அடிமானமாக 0 கொடுத்தாலும் இதே எட்டு வரும். 10 என்றே கொடுங்கள். பைத்தானின் இன்ட் "010"-ஐப் பத்து என்றே படிக்கும்.

இதையொட்டி ஒன்று. தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு, கணக்கு எண், கடவு எண் இவை எண்களே அல்ல. இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர்கள். யாரும் இரண்டு தொலைபேசி எண்களைக் கூட்டுவதில்லை. சரமாகவே வாங்கி, சரமாகவே வையுங்கள்; மாற்றினால் முன்னால் உள்ள பூஜ்ஜியங்கள் போய்விடும்.

13. மிகப் பெரிய எண்ணைத் தட்டினால் என்ன ஆகும்?

மொழிக்கு மொழி வேறு. 32 பிட் முழு எண்ணின் உச்சம் 2147483647. அதற்கு மேல் போனால் ஜாவாவின் பார்ஸ்இன்ட் விதிவிலக்கு எழுப்பும், ரஸ்ட் மொழி பிழை மதிப்பைத் தரும். இரண்டும் நேர்மையான பதில்கள். சியின் ஸ்கேன்எஃப்பில் விளைவு வரையறுக்கப்படவில்லை. ஸ்ட்ர்டோல் பாதுகாப்பானது, ஆனால் அது தருவது லாங் வகை. 64 பிட் லினக்ஸில் அது 64 பிட், விண்டோஸில் 32 பிட். அதை இன்ட் வகை மாறியில் வைப்பதற்கு முன் இன்னொரு சோதனை வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்டில் ஏமாற்று வேறு மாதிரி. 9007199254740991 வரைதான் முழு எண்கள் துல்லியம். 9007199254740993 என்று தட்டினால் கடைசி இலக்கம் 2 ஆக மாறி நிற்கும், பிழையேதும் வராது. பைத்தானில் முழு எண்ணுக்கு உச்சமே இல்லை. ஆனால் மிக நீண்ட சரத்தை எண்ணாக்க ஆகும் நேரம் அதன் நீளத்தைவிட வேகமாகப் பெருகுவதால், அதைக் கொண்டு ஒரு சேவையை முடக்க முடிந்தது. அதனால் 2022 முதல் 4300 இலக்கங்களுக்கு மேல் இருந்தால் இன்ட் மறுத்துவிடுகிறது.

14. சிலர் 1,234 என்று கமாவோடு தட்டுகிறார்கள். கமாவை நீக்கிவிடலாமா?

முழு எண் மட்டுமே வரக்கூடிய இடமென்றால் நீக்கலாம். தசமம் வரக்கூடிய இடமென்றால் நிறுத்தி யோசியுங்கள். ஜெர்மனி போன்ற நாடுகளில் தசமப் புள்ளியின் இடத்தில் கமாதான் எழுதப்படுகிறது. அங்கே 1,234 என்பது ஒன்றேகாலுக்குச் சற்றுக் குறைவு. நீங்கள் கமாவை நீக்கினால் மதிப்பு ஆயிரம் மடங்காகும். எது சரி என்று சரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஐயம் உள்ள வடிவத்தை மறுத்து, எப்படித் தட்ட வேண்டும் என்று காட்டுவதே மேல்.

ஜாவாவின் நெக்ஸ்ட்டபுள் கணினியின் வட்டார அமைப்பைப் பார்த்து நடக்கும். டபுள் வகுப்பின் பார்ஸ்டபுள் அப்படி நடக்காது. ஒரே நிரல் ஒரு கணினியில் ஓடி இன்னொன்றில் தோற்றால் முதலில் இங்கே தேடுங்கள்.

15. பணத் தொகையை ஃப்ளோட்டாக வாங்கினேன். பைசாக் கணக்கு ஒன்று குறைகிறது.

19.99 என்று வாங்கி 100-ஆல் பெருக்கினால் 1998.9999999999998 வரும். அதை முழு எண்ணாக வெட்டினால் 1998. இரண்டின் அடிமானத்தில் 19.99-ஐத் துல்லியமாக எழுத முடியாததுதான் காரணம். கணினியின்மேல் குற்றமில்லை, வகைத் தேர்வில்தான் குற்றம்.

பைத்தானில் டெசிமல், ஜாவாவில் பிக்டெசிமல் பயன்படுத்துங்கள். முக்கியம்: பயனர் தட்டிய சரத்தை நேராக அவற்றிடம் கொடுக்க வேண்டும். முதலில் ஃப்ளோட் ஆக்கி, பிறகு டெசிமல் ஆக்கினால் பிழையை முன்னைவிடத் துல்லியமாகச் சேமித்துவைத்ததுதான் மிச்சம்.

16. யாராவது ௧௨ என்று தமிழ் எண்களில் தட்டினால்?

பைத்தானின் இன்ட் அதை 12 என்று ஏற்றுக்கொள்ளும், ஜாவாவின் பார்ஸ்இன்ட்டும் அப்படியே. யூனிகோடில் ௦ முதல் ௯ வரை பதின்ம இலக்கங்களாக வகைப்படுத்தப்பட்டிருப்பதால் இது நடக்கிறது. சியின் ஸ்ட்ர்டோலும், ஜாவாஸ்கிரிப்டின் நம்பரும், ரஸ்ட்டும் மறுத்துவிடும். பழைய முறைப்படி ௰௨ என்று எழுதினால் பைத்தானும் கைவிரிக்கும். ௰ என்பது பத்து என்ற மதிப்புடைய தனிக் குறி, இடமதிப்பு இலக்கம் அல்ல.

ஏற்பதில் தவறில்லை. ஆனால் மாற்றிய எண்ணை விட்டுவிட்டு மூலச் சரத்தையே கோப்பிலோ தரவுத்தளத்திலோ எழுதினால், அதைப் படிக்கும் அடுத்த நிரல் திணறும். மாற்றிய பிறகு எண்ணை மட்டுமே கையாளுங்கள்.

17. 0-க்குக் கீழா, 100-க்கு மேலா என்று சோதித்துத்தான் விடுகிறேன். எப்படியோ மதிப்பெண் சராசரி முழுவதும் "நான்" என்று வருகிறது.

பயனர் "நான்" என்பதன் ஆங்கில மூன்றெழுத்தையே தட்டியிருப்பார். பைத்தானின் ஃப்ளோட், சியின் ஸ்ட்ர்டோட், ரஸ்ட் மூன்றும் அதைச் செல்லுபடியாகும் உள்ளீடாகவே எடுத்துக்கொள்ளும். முடிவிலியைக் குறிக்கும் இன்ஃப் என்பதையும் அப்படியே. "நான்" எதையும்விடப் பெரிதா, சிறிதா, எதற்காவது சமமா என்று கேட்டாலும் பொய் என்றே விடை. 0-க்குக் கீழா? பொய். 100-க்கு மேலா? பொய். இரண்டு காவலும் விலகிவிட, அது உள்ளே போய்விடுகிறது.

சோதனையைத் திருப்பி எழுதுங்கள். கெட்டதைத் தேடி விரட்டாமல் நல்லதைக் கேளுங்கள்: "0 அல்லது அதற்கு மேலும், 100 அல்லது அதற்குக் கீழும் இருக்கிறதா?" இதற்கும் "நான்" பொய் என்றே சொல்லும், இம்முறை அது வெளியே நிற்கும். இதை முடிந்தவரை எல்லா வரம்புச் சோதனைகளிலும் பழக்கமாக்குங்கள்.

18. எண் சரி, வரம்பும் சரி. ஆனாலும் பயனர் தவறான எண்ணைத் தட்டிவிட்டால் நிரல் என்ன செய்ய முடியும்?

சில சமயம் நிறையச் செய்ய முடியும். 2005 டிசம்பர் 8 அன்று டோக்கியோ பங்குச் சந்தையில், ஜே-காம் நிறுவனத்தின் ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டிய மிசுஹோ செக்யூரிட்டீஸ் என்ற தரகு நிறுவனம், 6,10,000 பங்குகளைத் தலா ஒரு யென்னுக்கு விற்பதாக உள்ளிட்டது. இரண்டு எண்கள் இடம் மாறிவிட்டன. எச்சரிக்கை திரையில் வந்தது, தள்ளிவிடப்பட்டது. இழப்பு 4,000 கோடி யென்னைத் தாண்டியது. ஜே-காம் வெளியிட்டிருந்த மொத்தப் பங்குகளே 14,500தான் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். இல்லாத பங்கை விற்க முடியாது என்ற வரம்புச் சோதனை ஒன்று அந்த உள்ளீட்டை மறுத்திருந்தால் எச்சரிக்கையே தேவைப்பட்டிருக்காது.

இதிலிருந்து என் நிலைப்பாடு: நடக்கவே முடியாததை மறுத்துவிடுங்கள். நடக்கலாம் ஆனால் விசித்திரம் என்பதற்கு மட்டும் உறுதி கேளுங்கள். எல்லாவற்றுக்கும் உறுதி கேட்டால் கை தானாக ஆம் என்று அழுத்தப் பழகிவிடும். பெரிய விளைவுள்ள இடங்களில் ஆம், இல்லை என்று கேட்காமல் அந்த எண்ணையே மறுபடி தட்டச்சொல்லலாம்.

பூஜ்ஜியத்தையும் தனியே யோசியுங்கள். 1997 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் என்ற போர்க்கப்பலில் ஒருவர் தரவுப் புலமொன்றில் பூஜ்ஜியத்தை உள்ளிட, பூஜ்ஜியத்தால் வகுக்கும் பிழை எழுந்து, கப்பலின் உந்துவிசையே நின்றுபோனது. வகுக்கும் எண்ணாகப் போகப்போவதை வாங்கும்போதே தடுக்க வேண்டும்.

19. மறுபடி கேட்கும் லூப் போட்டேன். இப்போது கன்ட்ரோல், சி அழுத்தினாலும் வெளியே வர முடியவில்லை.

பைத்தானில் எக்செப்ட் என்று மட்டும் எழுதி, எந்த விதிவிலக்கு என்று சொல்லாமல் விட்டிருப்பீர்கள். அது கீபோர்டுஇன்டரப்ட்டையும் விழுங்கிவிட்டு "எண்ணைத் தட்டவும்" என்று மறுபடி கேட்கும். வேல்யூஎரர் என்று பெயர் சொல்லிப் பிடியுங்கள்.

எக்செப்ஷன் என்ற பொதுப்பெயரில் பிடித்தால் கன்ட்ரோல்-சி தப்பிக்கும், ஆனால் உள்ளீட்டின் முடிவு அகப்பட்டுக்கொள்ளும். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் வரியின் தொடக்கத்தில் கன்ட்ரோல்-டி, விண்டோஸில் கன்ட்ரோல்-இசட் அழுத்தி என்டர் தட்டினால் "இனி உள்ளீடு இல்லை" என்று பொருள். அப்போது இன்புட் எழுப்பும் ஈஓஎஃப்எரரைப் பிடித்து மறுபடி கேட்டால் மறுபடியும் அதே பிழைதான் வரக்கூடும். கோப்பிலிருந்து வரும் உள்ளீடு தீர்ந்தால் இது முடிவே இல்லாமல் ஓடும். உள்ளீடு முடிந்தால் நிரலும் முடிய வேண்டும்.

20. கேள்வி திரையில் வருவதற்கு முன்பே நிரல் பதிலுக்குக் காத்திருக்கிறது.

வெளியீடு பஃபரில் (தற்காலிகச் சேமிப்பிடத்தில்) தங்கியிருக்கிறது. கேள்வியின் முடிவில் புதுவரி இல்லாததால் அது திரைக்குப் போகவில்லை. சியில் எஃப்ஃப்ளஷ்ஷுக்கு எஸ்டிடிஅவுட்டைக் கொடுங்கள் (ஆறாம் கேள்வியில் தவறாக இருந்தது இங்கே சரி). ரஸ்ட்டிலும் ஃப்ளஷ் தேவை. பைத்தானின் இன்புட்டுக்குள் கேள்வியைக் கொடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

21. அதே நிரலுக்குக் கோப்பிலிருந்து எண்களைக் கொடுத்தால் தாறுமாறாக நடக்கிறது.

மனிதர் எதிரே இருக்கிறாரா என்று நிரல் கேட்க வேண்டும். இஸ்ஏடிடிஒய் என்ற ஃபங்ஷன் அதைச் சொல்லும். முனையம் இல்லையென்றால் மறுபடி கேட்பதில் பொருளில்லை; கோப்பு தன் தவறைத் திருத்திக்கொள்ளாது, அடுத்த வரிதான் வரும். எத்தனையாவது வரியில் பிழை என்று பிழை வெளியீட்டில் எழுதிவிட்டு, பூஜ்ஜியம் அல்லாத முடிவுக் குறியோடு (நிரல் தோற்றது என்று இயங்குதளத்துக்குச் சொல்லும் எண்ணோடு) வெளியேறுங்கள்.

கண்ணுக்குச் சரியாகத் தெரியும் எண் மட்டும் மாற்றத்தில் தோற்கிறதா? விண்டோஸில் எழுதிய கோப்பாக இருக்கும். அதன் வரிமுடிவில் இரண்டு குறிகள்; ஒன்றை வெட்டியபின் மற்றது எண்ணோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ரஸ்ட்டில் ட்ரிம் செய்யாமல் (ஓரங்களை வெட்டாமல்) பார்ஸ் செய்தால் எந்தக் கணினியிலும் இது நேரும். வேறெங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய எண்ணில் கழித்தல் குறிக்குப் பதில் நீளக் கோடு இருப்பது இன்னொரு வழக்கமான காரணம்.

22. பயனர் 3*4 என்று கணக்காகவே தட்டட்டும் என்று ஈவல் பயன்படுத்தலாமா?

கூடாது. ஈவல், கொடுத்த சரத்தை நிரலாகவே ஓட்டும்; கணக்கை மட்டும் படிக்காது. கோப்புகளை அழிக்கும் கட்டளையையும் அதே பணிவோடு நிறைவேற்றும். பைத்தான் 2-இன் இன்புட் இதைத்தான் யாரும் கேட்காமலே செய்தது. பாஷில் ஈவல் எழுதாவிட்டாலும் ஆபத்து உண்டு: சோதிக்காத உள்ளீட்டைக் கணக்கீட்டு அடைப்புக்குறிக்குள் வைத்தால், அணிச் சுட்டெண்ணுக்குள் ஒளித்த கட்டளை ஓடிவிடும். முதலில் இலக்கங்கள் மட்டுமே உள்ளனவா என்று வடிவச் சோதனை செய்துவிட்டுத்தான் கணக்குக்குள் விட வேண்டும். ஒன்பதாம் பதிலுக்கு இது விலக்கு. பாஷில் மாற்றிப் பார்ப்பதே ஆபத்து என்பதால் முன்சோதனை கட்டாயம்.

கணக்கு நிஜமாகவே வேண்டுமென்றால், எண்களையும் நான்கு செயல்களையும் மட்டும் அறிந்த சிறு பகுப்பான் ஒன்றை எழுதுங்கள், அது நல்ல பயிற்சியும்கூட. அடுக்குக் குறியை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். பைத்தானில் 9**9**9 என்று தட்டினால் விடைக்கு 36 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். எந்தக் கட்டளையும் ஒளித்துவைக்காமலே உங்கள் நிரலை நிறுத்திவைக்க அது போதும்.